ஒரு கணினி, பல கணக்குகள்: உறக்க நேரத்தை யார் முடிவு செய்வது?

பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினிகளைப் பராமரிப்பவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் கோரிக்கை ஒன்று உண்டு. "வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணினி உறக்கநிலைக்குப் போய்விடுகிறது, நேரத்தைக் கூட்டலாம் என்று பார்த்தால் அனுமதி இல்லை என்கிறது, என் கணக்குக்கு அட்மின் உரிமை கொடுத்துவிடுங்கள்" என்பதே அது. இதில் சொல்லப்படும் சிரமம் உண்மையானது. பல மணி நேரம் ஓட வேண்டிய கணக்கீட்டைத் தொடங்கிவிட்டு எழுந்து போனவர், திரும்பி வரும்போது அது பாதியில் நின்றிருப்பதைக் கண்டால் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்கும் மருந்து நோயைவிடப் பெரியது. உறக்க நேரத்தை நீட்டுவதற்காக நிர்வாகி உரிமை பெற்ற கணக்கு, அதே உரிமையைக் கொண்டு மென்பொருள் நிறுவலாம், பிறருடைய கோப்புகளைத் திறக்கலாம், வைரஸ் தடுப்பை அணைக்கலாம். அந்தக் கணக்கில் தவறுதலாகத் திறக்கப்படும் ஒரு தீய இணைப்பும் இவை அனைத்தையும் செய்துவிடலாம்.

நிர்வாகிகளில் பலர் இதற்கு நேர்மாறான எல்லையில் நிற்கிறார்கள். மின்சாரம் தொடர்பான எதையும் பயனர் தொடக் கூடாது என்று எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிட்டு, வரும் புகார்களுக்கு "அது கொள்கை" என்று பதில் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் மின் அமைப்புகளை ஒரே பொட்டலமாகக் கருதுவதால்தான் இந்த இழுபறி தீர்வதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு அமைப்பையும் தனியே எடுத்து, அதன் விளைவு அந்தக் கணக்கில் இருப்பவரோடு முடிந்துவிடுகிறதா, அல்லது அடுத்து வந்து அமர்பவரையும் பின்னணியில் ஓடும் பணிகளையும் தொடுகிறதா என்று பார்த்தால், எதைத் திறந்துவிடலாம், எதைப் பூட்ட வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று அறிவது பயனுள்ளது. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வெளியிட்ட ஏபிஎம் என்ற மின் மேலாண்மைத் தரத்தின் கீழ், கணினி எப்போது உறங்க வேண்டும் என்பதைப் பெருமளவு, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸே தீர்மானித்தது. பயாஸுக்கு யார் உள்நுழைந்திருக்கிறார் என்பது தெரியாது. கணக்கு என்ற கருத்தே அதற்குக் கிடையாது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ தரம் இந்தப் பொறுப்பை இயங்குதளத்தின் கைக்கு மாற்றியது. அந்த மாற்றத்தோடுதான் அனுமதி பற்றிய கேள்வியும் பிறந்தது. இயங்குதளத்தில் பல கணக்குகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உரிமைகள் உண்டு. ஆனால் மின்வழங்கி ஒன்று, சிபியு ஒன்று, நினைவகம் ஒன்று. ஒருவருடைய கணக்கை மட்டும் உறங்கவைத்துவிட்டு மற்றவருடையதை விழித்திருக்கச் செய்ய முடியாது. திரையின் பின்னணிப் படத்தைப் போல ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளக்கூடிய விருப்பமாக உறக்க நேரத்தை ஆக்க முடியாததற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இந்த முரண்பாட்டைச் சரியாகக் கையாளவில்லை. திரை, உறக்கம் முதலியவற்றின் நேரங்களைத் தொகுத்து வைக்கும் மின் திட்டங்களின் ஒரு பகுதி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தந்தப் பயனருக்கான பிரிவிலும், மற்றொரு பகுதி கணினி முழுவதற்கும் பொதுவான பிரிவிலும் சேமிக்கப்பட்டன. பொதுப் பிரிவில் எழுத வரம்புற்ற கணக்குக்கு உரிமை இல்லை. ஆகவே அந்தக் கணக்கிலிருந்து மாற்ற முயன்றால் அணுகல் மறுக்கப்பட்டதாகச் செய்தி வரும். பொதுப் பிரிவில் உள்ள மின் அமைப்புக் கிளைகளுக்கு மட்டும் பயனர் குழுவுக்கு எழுதும் உரிமை கொடுப்பது அக்காலத்தில் நிர்வாகிகளிடையே பரவலாக இருந்த மாற்றுவழி. பல கணினிகளின் அமைப்புகளை ஓரிடத்திலிருந்து விதிக்கும் குரூப் பாலிசியிலும் எக்ஸ்பியின் மின் அமைப்புகளுக்கு இடம் இல்லாததால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எனர்ஜி ஸ்டார் திட்டம் ஈஇசட் ஜிபிஓ என்ற இலவசக் கருவியை வழங்கி அந்த இடைவெளியை நிரப்பியது. மின்சிக்கனத்துக்கான ஒரு திட்டம் அனுமதிச் சிக்கலைத் தீர்க்க மென்பொருள் தர வேண்டியிருந்தது என்பதே, இந்தச் சிக்கல் எவ்வளவு மின்சாரத்தை வீணாக்கிக்கொண்டிருந்தது என்பதற்குச் சான்று. சாதாரண மேசைக் கணினி சும்மா இருக்கும்போதும் பல பத்து வாட் இழுக்கும். எஸ்3 எனப்படும் உறக்கநிலையில் அது சில வாட்டாகக் குறைந்துவிடும். அமைப்பை மாற்ற முடியாத காரணத்தால் இரவெல்லாம் விழித்திருக்கும் நூற்றுக்கணக்கான கணினிகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு புரியும்.

2007இல் பொதுமக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதை அடியோடு மாற்றியமைத்தது. மின் திட்டங்கள் கணினிக்குப் பொதுவானவை ஆயின. எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்பதும் பொதுவானது. அதே நேரத்தில் நிர்வாகி உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கில் இருப்பவரும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் அதன் நேரங்களை மாற்றவும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டார். மின் பொத்தானை அழுத்தினால் என்ன ஆக வேண்டும், விழித்தெழும்போது கடவுச்சொல் கேட்க வேண்டுமா என்பன போன்ற சில அமைப்புகள் மட்டும் கேடயச் சின்னம் தாங்கிய இணைப்பின் பின்னால் நிர்வாகியின் ஒப்புதலுக்காக வைக்கப்பட்டன. இன்றுள்ள விண்டோஸ் பதிப்புகள் வரை அடிப்படை அமைப்பு இதுதான். ஆகவே இன்று ஒரு ஸ்டாண்டர்டு கணக்கில் உறக்க நேரம் சாம்பல் நிறத்தில் முடங்கிக் கிடந்தால், பெரும்பாலும் அது விண்டோஸின் இயல்பு அன்று. யாரோ ஒரு நிர்வாகி, அல்லது நிறுவனத்தின் கொள்கை, அதைப் பூட்டியிருக்க வேண்டும். முதலில் கண்டறிய வேண்டியது அந்தப் பூட்டு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத்தான்.

பூட்டும் வழிகளில் நான் மிகவும் மதிப்பது, பலர் அறியாமலே இருக்கும் பாதுகாப்பு விவரிப்பு முறை. ஒவ்வொரு மின் திட்டத்துக்கும், திட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு அமைப்புக்கும், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற பட்டியல் ஒன்று உண்டு. மின் அமைப்புகளைக் கையாளும் விண்டோஸ் கட்டளையான பவர்சிஎஃப்ஜியின் கெட்செக்யூரிட்டிடிஸ்கிரிப்டர் தெரிவு அதைக் காட்டும். செட்செக்யூரிட்டிடிஸ்கிரிப்டர் தெரிவு அதை மாற்றும். வெளிவரும் எழுத்துச் சரம் முதல் பார்வைக்கு மிரட்டினாலும் அதன் இலக்கணம் எளியது. பிஏ என்பது நிர்வாகிகள் குழு, பியூ என்பது சாதாரணப் பயனர்கள் குழு. கேஆர் என்றால் படிக்கும் உரிமை, கேடபிள்யூ என்றால் எழுதும் உரிமை, கேஏ என்றால் முழு உரிமை. இயல்பான நிலையில் பியூ குழுவுக்குக் கேஆர், கேடபிள்யூ இரண்டும் இருக்கும். ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் பட்டியலில் பயனர்களுக்கு எதிரே உள்ள கேடபிள்யூவை மட்டும் நீக்கிவிட்டால், அவர்கள் அந்தத் திட்டத்தைப் பார்க்கலாம், அதன் எண்களைத் திருத்த முடியாது. இவற்றுக்கு அப்பால், நடப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தல், புதிய திட்டம் உருவாக்குதல், தொழிற்சாலை நிலைக்குத் திருப்புதல் என்ற மூன்று செயல்களுக்கும் தனித்தனி அனுமதிப் பட்டியல் உண்டு.

இந்தப் பிரிவினையில்தான் முதலில் சொன்ன கோரிக்கைக்கான விடை இருக்கிறது. நான் பொறுப்பேற்கும் பொதுக் கணினிகளில் இரண்டு திட்டங்களை உருவாக்குவேன். ஒன்று அன்றாடப் பயன்பாட்டுக்கு; அதில் கணினி அரை மணி நேரத்தில் உறங்கும். மற்றொன்று நீண்ட பணிக்கு. அதில் திரை அணையும், கணினி உறங்காது. இரண்டு திட்டங்களின் எண்களையும் பயனர்கள் மாற்ற முடியாதபடி எழுதும் உரிமையை எடுத்துவிடுவேன். ஆனால் இரண்டில் எதை நடப்புக்குக் கொண்டுவருவது என்ற செயலை அவர்களுக்கே திறந்து வைப்பேன்; புதிய திட்டம் உருவாக்கும் செயலை மூடிவிடுவேன். நீண்ட கணக்கீடு ஓட்ட வேண்டியவர் தானே திட்டத்தை மாற்றிக்கொள்கிறார். எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை, அவருடைய கணக்கின் உரிமையில் ஓர் அணுவும் கூடுவதில்லை. திட்டங்களுக்குப் பெயர் வைக்கும்போது அவை எதற்கு என்பது பெயரிலேயே தெரிவது அவசியம். தொழில்நுட்பப் பெயர்களை வைத்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் மக்கள் விட்டுவிடுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. திட்டம் கணினிக்குப் பொதுவானது என்பதால், ஒருவர் நீண்ட பணித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்து போய்விட்டால் அடுத்து வருபவருக்கும் அதுவே தொடரும். கணினி இரவெல்லாம் விழித்திருக்கும். இதற்காக, குறித்த வேளையில் பணிகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், எந்தப் பயனர் உள்நுழைந்தாலும் விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கின் பெயரில் ஓடி, அன்றாடத் திட்டத்தை மீண்டும் நடப்பாக்கும் ஒரு பணியை அமைத்துவிடலாம். யாரும் புதிதாக உள்நுழையாமல் பழைய அமர்வே பூட்டிய நிலையில் கிடந்தால் இது உதவாது என்பதால், நள்ளிரவைத் தாண்டி ஒரு நேரத்திலும் அதே பணி ஓடும்படி செய்யலாம். ஆனால் இரவிலும் கணக்கீடு ஓட்டுபவர்கள் உள்ள இடத்தில் அந்த இரண்டாவது நேரத்தை அவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கணினி யாருக்காக இருக்கிறது என்பதை மறந்து மின்சாரத்தை மட்டும் கணக்கிடும் நிர்வாகம் நீடிப்பதில்லை.

கணினிகள் எண்ணிக்கையில் பெருகி டொமைன் எனப்படும் நிறுவன வலையமைப்புக்குள் இருக்கும்போது, ஒவ்வொன்றிலும் கட்டளை எழுதிக்கொண்டிருக்க முடியாது. குரூப் பாலிசி தேவைப்படுகிறது. விஸ்டாவிலிருந்து அதில் மின் மேலாண்மைக்கென்று தனிக் கிளையே இருக்கிறது. இங்கே இரண்டு கருவிகளை மக்கள் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன். பாலிசி என்பது கட்டாயம்: அதில் குறிப்பிட்ட அமைப்பைப் பயனர் மாற்ற இயலாது, நிர்வாகியின் கணக்கிலிருந்தும் அது பூட்டியே தெரியும், அமைப்பு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற அறிவிப்பும் தோன்றும். பிரிஃபரன்ஸ் என்பது தொடக்க ஏற்பாடு: ஒரு மின் திட்டத்தைக் கணினியில் கொண்டு சேர்க்கும், பிறகு பயனர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம், எந்தக் குழுவுக்கு, எந்த வகைக் கணினிக்கு என்று இலக்கை நுணுக்கமாகக் குறிக்கவும் முடியும். எல்லாவற்றுக்கும் பாலிசியையே கையில் எடுப்பது பழக்கத்தால் வருவது. என் அனுபவத்தில், பிறரைப் பாதிக்கும் ஒன்றிரண்டு அமைப்புகளுக்குப் பாலிசியும் மற்றவற்றுக்குப் பிரிஃபரன்ஸும் போதும்.

மின் அமைப்புகளுக்கான பாலிசிகள் ஏறக்குறைய முழுவதும் கணினிப் பிரிவில்தான் இருக்கின்றன. பயனர் பிரிவில் இருப்பது உறக்கத்திலிருந்து எழும்போது கடவுச்சொல் கேட்பது பற்றிய ஒன்றுதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். "இந்தப் பயனருக்கு மட்டும் உறக்கம் வேண்டாம்" என்று பயனர் பிரிவில் தேடிக் களைப்பவர்கள் தேடுவது அங்கே இல்லாததற்குக் காரணம், மேலே சொன்ன அதே ஒற்றை மின்வழங்கிதான். அலகையும் கவனிக்க வேண்டும். பாலிசியில் நேரத்தை நொடிகளில் தர வேண்டும். பவர்சிஎஃப்ஜியின் சேஞ்ச் தெரிவில் நிமிடங்களில் தர வேண்டும். அதே கட்டளையின் செட்ஏசிவேல்யூஇண்டெக்ஸ் தெரிவில் மீண்டும் நொடிகள். முப்பது என்று ஓரிடத்தில் எழுதியது அரை மணி நேரமாகவும் மற்றோரிடத்தில் அரை நிமிடமாகவும் பொருள்படும்.

கணினியை நிறுத்தும் உரிமை இவற்றிலிருந்து தனித்து நிற்பது. அது மின் திட்டத்தைச் சேர்ந்தது அன்று. கணக்குகளுக்கு வழங்கப்படும் பயனர் உரிமைகளில் ஒன்று. சாதாரண விண்டோஸ் கணினியில் நிர்வாகிகள், பேக்கப் ஆபரேட்டர்கள், பயனர்கள் ஆகிய மூன்று குழுக்களுக்கும் அது இயல்பாகவே உண்டு. சர்வரில் பயனர்கள் குழுவுக்குக் கிடையாது. தொலைவிலிருந்து நிறுத்தும் உரிமை சாதாரணக் கணினியில் இயல்பாக நிர்வாகிகளுக்கு மட்டுமே. உறங்கவைக்கும் செயலும் இதே நிறுத்தும் உரிமையைச் சார்ந்தே இயங்குகிறது. ஒருவர் கணினியை நிறுத்திவிடக் கூடாது என்று இந்த உரிமையைப் பறித்தால், அவர் வேலை முடிந்து எழும்போது கணினியை உறங்கவைக்கும் வழியும் சேர்ந்து போய்விடும். பலர் தொலைவிலிருந்து இணைந்து வேலை செய்யும் கணினியில் அந்த இழப்பை ஏற்கலாம். ஒருவர் மட்டும் அமரும் மேசைக் கணினியில் அதை ஏற்பதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

திரை அணையும் நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிர்வாகிகள் அதையும் உறக்க நேரத்தோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது. திரை அணைவதால் பின்னணிப் பணி எதுவும் நிற்பதில்லை. அடுத்தவருக்கு எந்த நட்டமும் இல்லை. ஆனால் திரைக்கு முன் இருப்பவருக்கு அது பெரிய வேறுபாடு. பார்வை குறைந்து, எழுத்தைப் பெரிதாக்கி மெதுவாக வாசிப்பவர், ஒரு பக்கத்தை முடிக்கும் முன் திரை இருண்டுவிடுகிறது. கை அசைவில் சிரமம் உள்ளவருக்கு மவுஸை ஒவ்வொரு முறையும் அசைத்துத் திரையை எழுப்புவதே ஒரு வேலை. அச்சிட்ட தாளைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் நீண்ட நேரம் எதையும் தொடாமலே உழைத்துக்கொண்டிருப்பார். இவர்களிடமிருந்து இந்த அமைப்பைப் பறிப்பதால் மிச்சமாகும் மின்சாரம் சொற்பம். கணினியைப் பூட்டாமல் எழுந்து போவோரைப் பற்றிய கவலை இருந்தால், அதற்குத் தானாகப் பூட்டும் அமைப்பு தனியே இருக்கிறது; திரை அணைப்பைக் கொண்டு பாதுகாப்பைச் சாதிக்க முயல வேண்டியதில்லை.

நிர்வாகி உறக்க நேரத்தை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், எந்த உரிமையும் இல்லாத ஒரு செயலி கணினியை விழித்திருக்கவைக்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை. விண்டோஸில் செயலிகள் தம் பணி முடியும்வரை உறங்க வேண்டாம் என்று இயங்குதளத்திடம் கேட்டுக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது; அதற்கு நிர்வாகி உரிமை தேவையில்லை. காணொளி ஓடும்போது கணினி உறங்காமல் இருப்பது இதனால்தான். முறையாக எழுதப்பட்ட கணக்கீட்டு மென்பொருள் இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தினால், முதலில் சொன்ன கோரிக்கையே எழாது. ஆகவே நீண்ட நேரம் ஓடும் நிரல்களை எழுதுவோரிடம் இதைச் சேர்க்கும்படி சொல்வது என் வழக்கம். எதிர்ப்பக்கத்தில், யாரோ திறந்து விட்டுச் சென்ற ஓர் உலாவித் தாவல் கணினியை இரவு முழுவதும் விழிக்கவைக்கவும் கூடும். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கப் பவர்சிஎஃப்ஜியின் ரிக்வெஸ்ட்ஸ் தெரிவு உண்டு; ஆனால் அதை நிர்வாகி உரிமையோடுதான் ஓட்ட முடியும். ஒரு குறிப்பிட்ட செயலியின் வேண்டுகோளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நிர்வாகி ரிக்வெஸ்ட்ஸ்ஓவர்ரைடு மூலம் குறித்துவைக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேறு இரண்டு கடிகாரங்களும் குழப்பம் விளைவிக்கின்றன. கணினி பூட்டப்பட்ட நிலையில் திரை எவ்வளவு நேரத்தில் அணைய வேண்டும் என்பதற்குத் தனி அமைப்பு இருக்கிறது. அதன் இயல்பு அளவு 1 நிமிடம். மனிதத் தலையீடு இல்லாமல், உதாரணமாக ஒரு டைமரால், கணினி விழித்தெழுந்தால் மீண்டும் எவ்வளவு நேரத்தில் உறங்க வேண்டும் என்பதற்கு மற்றொன்று. அதன் இயல்பு அளவு 2 நிமிடம். இவை இரண்டும் கட்டுப்பாட்டுப் பலகத்தில் மறைக்கப்பட்டிருக்கும். "நேரத்தை ஒரு மணி என்று வைத்தேன், இரண்டே நிமிடத்தில் உறங்குகிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் மிகைப்படுத்துவதாக நினைக்கும் முன் இந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இரவில் தொலைவிலிருந்து எழுப்பப்படும் கணினிகளில் இது வழக்கமாக நடப்பது.

லினக்ஸ் இதே கேள்விக்கு வேறு வழியில் பதில் சொல்கிறது, அந்த வழி எனக்கு அதிகத் தெளிவுடையதாகத் தோன்றுகிறது. கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி என்ற பகுதி நிறுத்துதல், உறங்கவைத்தல், ஆழ்ந்த உறக்கம் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறது. யாருக்கு எது அனுமதி என்பதைப் போல்கிட் தீர்மானிக்கிறது. கணினியின் முன்னே அமர்ந்து நடப்பு அமர்வில் இருப்பவர், உள்நுழைந்திருந்தாலும் நடப்பில் இல்லாதவர், மற்றவர் என்று மூன்று நிலைகளைப் போல்கிட் வேறுபடுத்துகிறது. முன்னே இருப்பவர் வேறு எவரும் உள்நுழைந்திராதபோது கடவுச்சொல் இன்றியே கணினியை நிறுத்தலாம். வேறொருவரும் உள்நுழைந்திருந்தால் அதே செயல் வேறு பெயருள்ள தனி அனுமதியாக மாறி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்படி அதை அமைக்க முடிகிறது. விளைவு யாரைச் சேர்கிறது என்று கேட்டு உரிமையைப் பிரிப்பது என்று நான் சொன்னதை, இந்த வடிவமைப்பு தன் அனுமதிப் பெயர்களிலேயே பொறித்து வைத்திருக்கிறது. க்னோம் மேசைச்சூழலில் பயனர் மாற்றக் கூடாத அமைப்புகளை அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃப் தரவுத்தளத்தின் பூட்டுப் பட்டியலில் ஒவ்வொன்றாக எழுதிவைக்கலாம்; எழுதாதவை பயனரின் கையிலேயே இருக்கும்.

ஆனால் இங்கும் ஒரு பொறி இருக்கிறது. 2018இல் வந்த க்னோம் 3.28 பதிப்பிலிருந்து, மின் இணைப்பில் இருக்கும் கணினியும் 20 நிமிடம் சும்மா இருந்தால் உறங்கும் என்பது இயல்பு அமைப்பாயிற்று. பயனர் தன் கணக்கில் அதை அணைத்துவிடுவார். ஆயினும் அவர் வெளியேறிய பிறகு அந்த நேரம் கழிந்ததும் கணினி உறங்கிவிடும். உள்நுழைவுத் திரை ஜிடிஎம் என்ற தனிக் கணக்கின் பெயரில் ஓடுகிறது, அந்தக் கணக்குக்கு அதற்கே உரிய அமைப்புகள் இருக்கின்றன என்பதே காரணம். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வருவோருக்கு இது பெரிய தொல்லை. ஜிடிஎம்முக்கான டிகான்ஃப் தரவுத்தளத்திலும் அதே அமைப்பை நிர்வாகி எழுதிவைக்க வேண்டும். மேக்ஓஎஸ்ஸில் நிலைமை எளியது. பிஎம்செட் கட்டளையால் அமைப்புகளை எவரும் படிக்கலாம், மாற்ற ரூட் உரிமை வேண்டும். 2012இல் மவுண்டன் லயனோடு வந்த கஃபினேட் கட்டளையை எந்தக் கணக்கிலிருந்தும் ஓட்டி, ஒரு பணி முடியும்வரை மட்டும் கணினியை விழித்திருக்கச் செய்யலாம். நிரந்தர அமைப்பு நிர்வாகியிடம், தற்காலிகத் தேவை பயனரிடம் என்ற இந்தப் பங்கீடு மிகவும் நேர்த்தியானது.

பூட்ட வேண்டியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நிர்வாகிகளின் அச்சம் எல்லாம் வீணானது இல்லை. விண்டோஸின் வட்டுக் குறியாக்கக் கருவியான பிட்லாக்கரால் குறியாக்கம் செய்யப்பட்ட மடிக்கணினி எஸ்3 உறக்கத்தில் இருக்கும்போது, குறியாக்கத் திறவுகோல் நினைவகத்திலேயே இருக்கிறது; கணினி களவு போனால் அதுவும் கூடவே போகும். ஆழ்ந்த உறக்கத்தில், அதாவது ஹைபர்நேட் நிலையில், நினைவகத்தின் உள்ளடக்கம் வட்டில் எழுதப்பட்டு மின்சாரம் நின்றுவிடுகிறது. இரகசியத் தரவுகளைச் சுமந்து வெளியே செல்லும் மடிக்கணினியில் எந்த வகை உறக்கம் என்பதைப் பயனரின் விருப்பத்துக்கு விடக் கூடாது. மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்பதும் அத்தகையதே: எதுவும் செய்ய வேண்டாம் என்று ஒருவர் வைத்துவிட்டுக் கணினியைப் பைக்குள் போட்டால், அது உள்ளேயே ஓடிச் சூடாகும். இரவு நேரப் புதுப்பிப்புகளுக்காகக் கணினியை எழுப்பும் டைமர்களும் வலையமைப்பு வழியாக எழுப்பும் வேக்-ஆன்-லேன் ஏற்பாடும் நிர்வாகியிடமே இருக்க வேண்டும், ஏனெனில் அவற்றை அணைத்தால் விளைவு எல்லாருடைய பாதுகாப்பையும் தொடும்.

எதை மாற்றினாலும் சோதனையை ஸ்டாண்டர்டு கணக்கில் உள்நுழைந்துதான் செய்ய வேண்டும். நிர்வாகியின் கணக்கில் இருந்தபடி எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வதில் பொருளில்லை. மின் இணைப்பிலும் பேட்டரியிலும் தனித்தனியாக, பூட்டிய நிலையிலும் வெளியேறிய நிலையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் புகார் வந்தால், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டைத் திறக்க வேண்டும். கெர்னல்-பவர் என்ற மூலத்திலிருந்து வரும் 42ஆம் எண் நிகழ்வு, கணினி எந்த நேரத்தில் உறங்கச் சென்றது என்பதோடு, சும்மா இருந்ததாலா, பொத்தானோ மூடியோ அழுத்தப்பட்டதாலா, ஒரு செயலி கேட்டுக்கொண்டதாலா என்ற காரணத்தையும் குறிக்கிறது. பவர்-டிரபிள்ஷூட்டர் என்ற மூலத்திலிருந்து வரும் 1ஆம் எண் நிகழ்வு அது எப்போது, எதனால் விழித்தது என்பதைச் சொல்கிறது. இந்தப் பதிவேட்டைப் படிக்க நிர்வாகி உரிமை வேண்டியதில்லை. ஆகவே புகார் தருபவரிடமே அதைத் திறந்து பார்க்கும் விதத்தைக் காட்டிவிடுகிறேன். அடுத்த முறை அவர் நேரத்தையும் காரணத்தையும் குறித்துக்கொண்டு வருகிறார், எந்த அமைப்பைத் தொட வேண்டும் என்று இருவரும் சேர்ந்தே பார்க்கிறோம்.